செத்தவர் பெட்டிக்கு வந்த மெயில்

அத்தியாயம் ஆறு

ஜெராக்ஸ் கடைக்குள் மொத்தம் மூன்று நாற்காலிகள். ஒன்றில் டோக்கன் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் பேப்பர் கட்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாவதில் உட்கார்ந்திருந்தவளைத்தான் இன்றைக்கு ஐந்து மணிக்குக் கூட்டம் போட்டுத் துரத்தப்போகிறார்கள்.

மணி இரண்டேகால்.

டோக்கன் என்பது அவர் பெயர் இல்லை. கல் பாலிஷ் கம்பெனியின் கேட்டில் இருபது வருஷம் நின்று, உள்ளே போகிறவர்களுக்கு எண் அடித்த தகரத் துண்டைக் கொடுத்துக்கொண்டிருந்தவர். மார்பில் கல் தூசி படிந்தது. கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. இப்போது அவரிடம் இருப்பது ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் நாற்பத்தொரு மெயில் முகவரிகள்.

நாற்பத்தொரு பேருக்கும் அதே இருமல். நாளைக் காலை பத்து மணிக்கு அவர்களுடைய எக்ஸ்ரேக்களை ஒரே கட்டாகக் கோர்ட்டில் கொடுக்கப்போகிறார்கள். கட்டில் எக்ஸ்ரே இருந்தால் வைத்தியத்துக்கு ஒரு வழி உண்டு. இல்லாதவர் வீட்டில் கிடந்து இருமலாம். அதுவரைக்கும் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மறுநாள் கேட்டில் தகரம் கிடைக்காது.

அதனால் பேச்செல்லாம் மெயிலில்தான். முகவரிகள் பொய்ப் பெயர்களில். அனுப்புகிறவர் டோக்கன் ஒருவர்தான். அவரும் பிசிசி கட்டத்தில் போட்டுத்தான் அனுப்புவார். அந்தக் கட்டத்தில் போட்டால் கடிதம் எல்லாருக்கும் போகும், ஒருத்தர் முகவரி இன்னொருத்தர் கண்ணில் படாது.

பத்து நாளைக்கு முன்னால் எல்லார் பெட்டியிலும் ஒரு மெயில் விழுந்தது. 'உங்கள் எக்ஸ்ரே ரிப்போர்ட் இணைப்பில்.' டாக்டர் அனுப்பியதுபோல இருந்தது. நான்கு பேர் இணைப்பைத் திறந்தார்கள். வைரஸ். போன் நம்பர், போட்டோ, நிஜப் பெயர் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலை அந்த நான்கு பேருக்கும் கேட்டில் தகரம் இல்லை. மற்றவர்கள் பெட்டியில் லாட்டரி, கடன், மூட்டுவலித் தைலம் என்று குப்பை வந்து குவிந்தது.

முகவரிகளை யாரோ கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

"யாரோ என்ன யாரோ? பக்கத்துல உக்காந்திருக்கா பாருங்க, அவதான்!"

மேஜையிலிருந்த போன்தான் கத்தியது. மறுமுனையில் மைக். மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி, இப்போது காதில் ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதனால் அந்தப் பெயர்.

விசாரிக்க வந்து நின்றிருந்த மேஸ்திரி போனைப் பார்க்கவில்லை. மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார்.

மேஸ்திரிக்குத் துப்பறிவது இரண்டாவது தொழில். முதல் தொழில் கட்டட வேலை. சித்தாளாக ஏறி, மேஸ்திரியாகி, ஒரு நாள் சாரத்திலிருந்து இறங்காமல் விழுந்தார். இடுப்பு கோணிப்போனது. காணாமல் போன கம்பியையும் சிமெண்டையும் யார் கொண்டுபோனது என்று படுத்தபடியே சொல்ல ஆரம்பித்தார். சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. கூட இருப்பவன் ஸ்டெப்னி, முன்னாள் லாரி டிரைவர். யார் வேலைக்கு வராவிட்டாலும் அவனைத்தான் மாட்டுவார்கள்.

"உன்னை இங்க என்னன்னு கூப்பிடறாங்க?" என்று அவளிடம் கேட்டார் மேஸ்திரி.

"புதுசுன்னு."

"எத்தனை நாளாச்சு சேர்ந்து?"

"இருபத்தஞ்சு நாள்."

"எதுக்கு உன்மேல சந்தேகம்?"

"எங்கண்ணன் அங்க சூப்பர்வைசர்." ஒரு முறை இருமினாள். இருமல் முடிய நேரமானது. "மூணு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. நான் இருமினா அவன் எழுந்து வெளிய போயிடுவான். அதைச் சொன்னா யாரும் நம்பல."

"லிஸ்ட் உன்கிட்ட இருக்கா?"

"அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. பாக்காத லிஸ்ட்டை நான் எப்படிண்ணே குடுப்பேன்?"

"நடிப்பு!" என்றது போன்.

"அண்ணே, கொஞ்சம் வால்யூமைக் குறைங்க. ஜெராக்ஸ் மெஷின் தானா ஓடுது" என்றான் ஸ்டெப்னி.

மேஸ்திரி டோக்கன் பக்கம் திரும்பினார். "அந்த வைரஸ் மெயில் எத்தனை பேருக்கு வந்துச்சு?"

"ஒவ்வொருத்தரையா கேட்டுட்டேன். நாற்பது பேருக்கு."

"லிஸ்ட்ல நாற்பத்தொண்ணு."

டோக்கன் மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார். புதுசே சொன்னாள்.

"எனக்கு வரல."

"கேட்டீங்களா மேஸ்திரி! தெரு பூரா தீ வச்சவ, தன் வீட்டை மட்டும் விட்டுட்டா! இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? அஞ்சு மணிக்குப் பேரை அடிக்கறோம். எக்ஸ்ரேயை உருவி அவ கையிலயே குடுத்துடறோம். அவ்வளவுதான்!"

மேஸ்திரி போனை எடுத்து அணைத்தார். கடை திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது.

"இவ சேர்றதுக்கு முன்னால லிஸ்ட்ல எத்தனை பேரு?"

"நாற்பத்தொண்ணு" என்றார் டோக்கன்.

"சேர்ந்த பிறகு?"

"நாற்பத்தொண்ணு."

"இதென்ன லோடு?" என்றான் ஸ்டெப்னி. "மூட்டை ஏத்தினா எடை ஏறணுமே."

"ஒருத்தர் இறங்கிட்டாரு." டோக்கன் குரல் தணிந்தது. "டபுள் ஷிப்ட். மூணாம் மெஷின்ல பதினாறு வருஷம் நின்னவரு. செத்து நாற்பது நாளாச்சு. போன அன்னைக்கே அவர் முகவரியை எடுத்துட்டேன்."

"அன்னைக்கேவா?"

டோக்கன் மேஜைமேல் கிடந்த ஒரு கிளிப்பை எடுத்தார். நிமிர்த்தினார். மறுபடியும் வளைத்தார்.

"மறுநாள்."

மேஸ்திரி அந்தக் கிளிப்பைப் பார்த்தார்.

"அவர் போன் எங்க இருக்கு?"

"அவர் சம்சாரத்துகிட்ட."

"ஸ்டெப்னி, வண்டியை எடு."

*

கல் லாரிகள் ஓடி ஓடித் தெருவே வெள்ளையாக இருந்தது. செடிகளின் இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. ஸ்கூட்டரின் பின்சீட்டில் மேஸ்திரி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். நேராக உட்கார இடுப்பு விடாது.

"மேஸ்திரி, செத்தவர் போன்ல என்ன இருக்கு?"

"அந்தப் பொண்ணு சேர்றப்பவே டபுள் ஷிப்ட் பேரு லிஸ்ட்ல இல்ல. அவ திருடிக் குடுத்திருந்தா அவர் முகவரி கம்பெனிக்குப் போயிருக்காது. அவர் பெட்டியில வைரஸ் மெயில் இருக்காது."

"இருந்தா?"

"கைமாறினது பழைய லிஸ்ட். அவ வர்றதுக்கு முந்தினது. அவளுக்கு மெயில் வராததுக்கும் அதுதான் காரணம். தீ வச்சவங்களுக்கு அப்படி ஒரு வீடு இருக்கறதே தெரியாது."

ஸ்டெப்னி ஒரு பள்ளத்தைச் சுற்றிப் போனான். "நாற்பது பேர் உயிரோட இருக்கான். ஒருத்தனும் அந்தப் பொண்ணுக்காக வாயைத் திறக்கல. செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடப் போறோம். நல்ல சங்கம்."

"ரோட்டைப் பாரு."

*

வரிசை வீடுகளில் ஏழாவது. ஒரே அறை. அதில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் பாய், சுவரில் பள்ளிக்கூட அட்டவணை. டபுள் ஷிப்டின் மனைவி ஒரு நீலக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் நாடா. நாடாவில் தொங்கிய அட்டையின் முகம் மார்புப் பக்கம் திரும்பியிருந்தது.

"நாலு மணிக்கு வேலைக்குப் போகணும். சீக்கிரம் கேளுங்க."

"உங்க வீட்டுக்காரர் போனைப் பாக்கணும்மா. மெயில் பெட்டி மட்டும்."

அவள் சற்று நின்றாள். பிறகு கோட்டின் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். மேஸ்திரி வாங்கியவர் கையை மாற்றிக்கொண்டார். போன் சுட்டது. திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விளம்பரங்கள் முளைத்தன. ஒன்றை மூடினால் இரண்டு வந்தன.

"வைரஸ் உள்ள குடும்பமே நடத்துது" என்றான் ஸ்டெப்னி. "அதுல எதையாவது திறந்தீங்களாக்கா?"

"எக்ஸ்ரே ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு வந்துச்சு." அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். "அவரோட எக்ஸ்ரே கடைசி வரைக்கும் கைக்கு வரல. செத்த பிறகாவது வந்துடுச்சேன்னு திறந்தேன். ஒண்ணுமே இல்ல."

ஸ்டெப்னி சுவரிலிருந்த அட்டவணை பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேஸ்திரி விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிப் பெட்டிக்குள் போனார். இருந்தது. 'உங்கள் எக்ஸ்ரே ரிப்போர்ட் இணைப்பில்.' பத்து நாளைக்கு முந்தைய தேதி. பெறுநர், அதற்கும் இருபத்தொன்பது நாள் முன்பே லிஸ்ட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு செத்த மனிதர்.

"போட்டோ எடு ஸ்டெப்னி."

எடுத்தான். அவள் பெருமூச்சு விட்டாள். கேட்கிற அளவுக்கு விட்டாள்.

"அப்ப அந்தப் பொண்ணு தப்பிச்சுடுமா?"

அறையில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனை. மேஸ்திரி தலையைத் தூக்கவில்லை.

"எந்தப் பொண்ணு? நாங்க யாரையும் சொல்லலையே."

"பக்கத்து வீடு மைக் வீடு. சுவர் இருக்கறதே தெரியாது. ஒரு வாரமா அந்தப் பொண்ணைத்தான் திட்டிக்கிட்டு இருக்காரு."

"ஒரு வாரமா கேட்டுக்கிட்டு இருக்கீங்க."

அவள் கோட்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள்.

மேஸ்திரி விரலால் திரையைக் கீழே இழுத்துக்கொண்டே போனார். பழைய மெயில்கள். முப்பத்தொன்பது நாளுக்கு முன்பு வந்த ஒன்றில் விரல் நின்றது. தலைப்பு: 'டபுள் ஷிப்ட் அண்ணனுக்குக் கடைசி வணக்கம்.' அனுப்பியவர் டோக்கன். 'மூன்றாம் மெஷினில் பதினாறு வருஷம் நின்றவர். கூட நின்ற நாங்கள் எல்லோரும் இதோ இருக்கிறோம்.'

அதற்கு மேலே, பெறுநர் கட்டத்தில், அத்தனை பேரும் வரிசையாக இருந்தார்கள். முதலில் செத்தவர். பின்னால் நாற்பது முகவரிகள். ஒன்றுகூட மறைக்கப்படவில்லை.

"அடப்பாவி" என்றான் ஸ்டெப்னி மெதுவாக. "டோக்கனேவா?"

"மூச். பக்கத்துல என்ன இருக்கு பாரு."

ஸ்டெப்னி அதையும் போட்டோ எடுத்தான். மெயிலின் ஓரத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி. இந்த மெயிலை இந்தப் பெட்டியிலிருந்து வேறு யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். மேஸ்திரி அனுப்பியவை பட்டியலைத் திறந்தார். பதினாறு நாளுக்கு முன்பு போயிருக்கிறது. போன இடம், கல் பாலிஷ் கம்பெனி, தொழிலாளர் நல அலுவலகம்.

"நாற்பது நாளா செத்துக் கிடக்கறவர் பதினாறு நாள் முன்னாடி மெயில் அனுப்ப மாட்டாரும்மா."

அவள் உட்கார்ந்தாள்.

"அவர் செத்ததும் கம்பெனிக்குப் போனீங்க. அவங்க என்ன சொன்னாங்க?"

"அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட வேலை பாக்கலைன்னாங்க." குரல் வறண்டிருந்தது. "பதினாறு வருஷம். ரெஜிஸ்டர்ல பேரு இல்லையாம். காண்ட்ராக்ட் ஆளாம், காண்ட்ராக்டர் யாருன்னு தெரியாதாம். அவர் அங்க நின்னாருன்னு சொல்ல ஒரு துண்டுப் பேப்பர் இல்ல. இந்த ஒரு மெயில்லதான் மூணாம் மெஷின்னு எழுதியிருந்துச்சு. அதைக் காட்டினேன். நலத்துறை ஆபீசர் பாத்துட்டு, இதை அப்படியே எனக்கு அனுப்புங்கம்மான்னாரு. அவரே பட்டனைக் காட்டிக் குடுத்தாரு."

"அனுப்பினீங்க. அப்புறம் இந்த அட்டை வந்துச்சு." மேஸ்திரி, கம்பெனி ஊழியர்கள் போடுகிற அந்த மஞ்சள் நாடாவைக் காட்டினார். "உங்க வீட்டுக்காரர் எங்க ஆளே இல்லைன்னு சொன்ன கம்பெனி, அவர் பொண்டாட்டிக்கு எதுக்கு வேலை குடுக்கும்? நீங்க அதை யோசிச்சீங்க. அதனாலதான் அட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

அவள் கை தானாக அட்டைக்குப் போனது.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"அனுப்பறப்ப தெரியாது. சத்தியமா தெரியாது." நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "அட்டை கைக்கு வந்தப்ப தெரிஞ்சுது. கேன்டீன்ல தட்டு கழுவற வேலை. வேண்டாம்னு தூக்கிப் போட்டிருக்கணும். அந்தச் சுவர்ல மாட்டியிருக்கே, அந்த ஸ்கூலு புள்ளைக்குச் சும்மாவா சொல்லிக் குடுக்குது? நாலு பேரு வேலை போச்சுன்னு மைக் வீட்ல கத்தினப்ப, இந்தச் சுவரோட ஒட்டி நின்னுக்கிட்டு கேட்டேன். சோறு இறங்கல. மறுநாள் எழுந்து வேலைக்குப் போனேன்."

இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"என் பேரைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

மேஸ்திரி போனைத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்கு வர்ற ஒவ்வொரு மெயிலையும் இன்னொருத்தரும் படிக்கறாங்க. முதல்ல இதை அணைச்சு வைங்க."

"ஷிப்டு மாத்தினா இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க. அணைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

நீலக் கோட்டை மாட்டிக்கொண்டாள். சுட்டுக்கொண்டிருந்த போனைப் பைக்குள் போட்டாள். அட்டை மார்புப் பக்கமே திரும்பிக் கிடந்தது.

*

மணி நாலரை. ஜெராக்ஸ் கடையில் டோக்கன் மட்டும் இருந்தார். கிளிப் மூன்று துண்டாகக் கிடந்தது.

"மறுநாள்னு சொன்னீங்களே" என்றார் மேஸ்திரி. "அந்த மறுநாள் அனுப்பின மெயிலைப் பாத்துட்டு வர்றோம்."

டோக்கன் மறுக்கவில்லை. வெகுநேரம் இருமினார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு துணியை எடுத்தார். தூசி படிந்து விறைத்துப்போன, முகத்தில் கட்டுகிற துணி.

"கேட்லயும் சரி, பட்டறைக்குள்ளயும் சரி, நாங்க இதை அவுக்கறதே இல்ல. கூட நிக்கறவன் மூஞ்சி வருஷக்கணக்கா தெரியாது. கண்ணை மட்டும் பாத்துதான் பழக்கம். ஒரே ஒரு நேரம்தான் அவுப்போம். எங்காளு ஒருத்தன் செத்தா, பொணத்துக்கு முன்னால எல்லாரும் துணியை அவுத்துட்டு நிக்கணும். யார் யார் கூட நின்னாங்கன்னு அந்த வீட்டு ஜனம் மூஞ்சியைப் பாக்கணும். டபுள் ஷிப்டு செத்தப்ப ஒருத்தனும் போக முடியல. வாசல்ல கம்பெனி ஆள் நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். சரி, மெயில்லயாவது வந்து நிப்போம்னு எழுதினேன். எப்பவும்போல பிசிசி கட்டத்துல போட்டேன். அனுப்பற பட்டன்ல கை வச்சப்ப மனசு கேக்கல. செத்த வீட்டுக்கு மூஞ்சியை மூடிக்கிட்டு போற மாதிரி இருந்துச்சு. எல்லாப் பேரையும் எடுத்து மேல போட்டேன்."

"ஒரே ஒரு தடவை" என்றான் ஸ்டெப்னி.

"ஒரே ஒரு தடவை. ரெண்டு வருஷத்துல."

மேஸ்திரி அம்புக்குறியைப் பற்றிச் சொன்னார். நீலக் கோட்டைப் பற்றிச் சொன்னார். டோக்கன் துணியைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அந்தம்மா பேரை எடுக்காதீங்க மேஸ்திரி. துணியை அவுத்தது நான். அவங்க என்ன செஞ்சாங்க? நான் அனுப்பினதைக் காட்டினாங்க."

"பேரை எடுக்கலைன்னா கதை பாதிதான் நிக்கும்."

"பாதிக்கே அந்தப் பொண்ணு தப்பிச்சுடும் இல்ல?"

"தப்பிச்சுடும்."

"அது போதும்."

மேஸ்திரிக்கு அது போதும் என்று தோன்றவில்லை. பாதிச் சுவரைக் கட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் மணி ஐந்தாகப்போகிறது. நீலக் கோட்டு அவர் கண்ணில் நின்றது. சரி என்றார். அன்றைக்கு அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

*

கூட்டம், கடைக்குப் பின்னால் பழைய பேப்பர் குடோனில். பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பதினைந்து பேர் முகத்திலும் துணி. புதுசு கதவோரம் நின்றாள். கையில் அவளுடைய எக்ஸ்ரே கவர். கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே உருவிக் கொடுத்துவிட்டார்கள்.

மைக் துணிக்குள்ளிருந்தே குடோன் அதிரப் பேசினார். "மேஸ்திரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. அவதானே?"

"லிஸ்ட்ல இல்லாத ஒருத்தருக்கும் அந்த மெயில் வந்திருக்கு." மேஸ்திரி ஸ்டெப்னியின் போனை உயர்த்திக் காட்டினார். "டபுள் ஷிப்டோட பெட்டி இது. இந்தப் பொண்ணு சேர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாலயே அவர் முகவரியை எடுத்தாச்சு. இவ குடுத்த லிஸ்ட்டா இருந்தா அவர் அதுல எப்படி வருவாரு? இவளுக்கு மெயில் வராதது இவ திருடினதால இல்ல. திருட்டுப்போன லிஸ்ட்ல இவ பேரே கிடையாது. நாற்பத்தொரு பேர்ல அவங்க கண்ணுல படாத முகவரி இவளோடது ஒண்ணுதான்."

குடோனில் முணுமுணுப்பு. யாரோ புதுசுக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"அப்ப பழைய லிஸ்ட் எப்படி வெளிய போச்சு?" மைக் விடவில்லை.

மேஸ்திரி போனில் அடுத்த படத்துக்குத் தள்ளினார். கடைசி வணக்கம் மெயில். ஓரத்தில் அம்புக்குறி இருந்த இடத்தில் அவருடைய கட்டைவிரல் இருந்தது.

அவர் வாய் திறப்பதற்குள் டோக்கன் எழுந்தார். முகத்துணியை அவிழ்த்தார்.

"நான்தான். அந்த மெயில்ல எல்லார் முகவரியையும் வெளிய போட்டேன். உங்க எல்லாருக்கும்தான் வந்துச்சு. யாரும் கவனிக்கல."

பதினைந்து ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. அந்த முகத்தை முழுசாகப் பார்ப்பது பாதிப் பேருக்கு அன்றுதான் முதல் தடவை.

யாரும் 'ஏன்' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான்கு பேர் வேலை போயிருக்கிறது, அந்த நான்கில் இரண்டு பேர் எதிரிலேயே நிற்கிறார்கள். ஏன் என்று கேட்கிற நேரமா அது? கத்தினார்கள். ஒருவன் பேப்பர் கட்டை உதைத்தான். கால்மணி நேரத்தில் முடிவானது. புதுசு இருக்கலாம், எக்ஸ்ரே கட்டில் சேரும். டோக்கன் விலக வேண்டும். இனிமேல் மெயில் அனுப்புகிற பொறுப்பு மைக்குடையது.

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றார் மைக். "போன்லயே அனுப்பிடுவேன். இதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?"

"அந்தக் கட்டத்தை மட்டும் சொல்லிக் குடுத்துடறேன்" என்றார் டோக்கன். "பிசிசி..."

"உங்ககிட்ட கத்துக்கற நிலைமையில நாங்க இல்ல."

டோக்கன் துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது இருமினார். ஒருவரும் வழி விடாமல் இருக்கவில்லை. நன்றாகவே வழி விட்டார்கள்.

*

பஸ் நிறுத்தம்வரை புதுசும் கூடவே வந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. எக்ஸ்ரே கவர் இப்போது அவள் கையில் இல்லை. கட்டோடு சேர்ந்துவிட்டது. வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடந்தாள்.

"அந்தம்மா போன்ல வைரஸ் இன்னும் உயிரோட இருக்குன்னு கூட்டத்துல சொல்லலையே மேஸ்திரி" என்றான் ஸ்டெப்னி, அவளுக்குக் கேட்காமல்.

"சொன்னா யாரு திறந்தா, எப்ப திறந்தான்னு கேப்பாங்க. அப்புறம் அம்புக்குறி வரைக்கும் போகும்."

"செத்தவர் முகவரிக்கு இனிமே யாரும் அனுப்ப மாட்டாங்கல்ல?"

"டோக்கன் எடுத்துட்டாரே. அவர் லிஸ்ட்ல அது இல்ல."

"டோக்கனே இப்ப இல்லையே மேஸ்திரி."

மேஸ்திரி நின்றார்.

சட்டைப் பையில் போன் முணுக்கென்றது. விசாரணைக்காக அவர் முகவரியும் குழுவில் இருந்தது. எடுத்தார். அனுப்பியவர் மைக்.

'தோழர்களே, நடந்த தவறு இனி நடக்காது. உங்கள் ஒவ்வொருவர் முகவரியும் இன்று முதல் முழுப் பாதுகாப்புடன் இருக்கும்.'

தலைப்பில் பழைய வரியே இருந்தது. 'டபுள் ஷிப்ட் அண்ணனுக்குக் கடைசி வணக்கம்.' மைக்கிடம் லிஸ்ட் கிடையாது. அவர் கண்ணுக்கு முகவரிகள் தெரிகிற ஒரே மெயில் அதுதான். அதைத் திறந்து, எல்லாருக்கும் பதில் என்ற பட்டனை அழுத்தி, விட்டுப்போன இரண்டு பேர் முகவரியைக் கூட்டத்தில் கேட்டு வாங்கிக் கடைசியில் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

பெறுநர் கட்டத்தில் முதலில் செத்தவர். அந்த போன் இந்நேரம் கேன்டீனில், நீலக் கோட்டின் பைக்குள் சுட்டுக்கொண்டிருக்கும்.

ஸ்டெப்னி எட்டிப் பார்த்தான்.

முன்னால் நடந்துகொண்டிருந்த புதுசு திரும்பினாள். அவள் கையிலும் போன் வெளிச்சமாக இருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு.

"இதுதானாண்ணே அந்த லிஸ்ட்டு? இப்பத்தான் பாக்கறேன்." திரையை அவர்கள் பக்கம் நீட்டினாள். "பாருங்க, உங்களுக்கு மேல என் பேரும் இருக்கு."